அம்பாசிடர் காரில் துருவை வெட்டி எடுப்பது: வீட்டில் செய்யும் பாடி வேலைக்கு முழு வழிகாட்டி

கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருந்தால், அந்தத் தகடு உள்பக்கமாகப் பல வருடங்களாக அரித்துக்கொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரிவது, உள்ளே உள்ளங்கை அளவுக்கு இருக்கும். அந்தக் கொப்புளத்தைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்காலம் வரை அழகாக இருக்கும். பிறகு அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக உப்பும். தண்ணீர் வருவது உள்ளேயிருந்து. பட்டி பூசியதோ வெளியே.

அம்பாசிடரில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அமைப்பில் உருவாகி, 2014 மே மாதம் வரை உத்தர்பாரா ஆலையில் தயாரான வண்டி இது. இதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அடித்தகடு, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டி, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று வெல்டிங் ஆகி நிற்பதுதான் வண்டியின் எலும்பு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பாடி இற்றுப்போனாலும் கீழே சேஸிஸ் தாங்கும். அம்பாசிடரில் அந்த இரண்டாவது ஆதாரம் இல்லை. சில் பெட்டி இற்றுவிட்டால் 2,464 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) கொண்ட வண்டி நடுவில் தொய்யத் தொடங்கும். கதவைத் தூக்கி மூட வேண்டியிருப்பது அதன் முதல் அறிகுறி.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது

சீட், ரப்பர் மேட், அதற்கடியில் உள்ள கயிற்று விரிப்பு அல்லது ஃபெல்ட் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். கீழே ஒட்டியிருக்கும் தார்ப் பட்டைகளையும் எடுத்தாக வேண்டும். வெயிலில் அவை ஜவ்வு போல இழுக்கும். விடியற்காலைக் குளிரில் உளியை வைத்துத் தட்டினால் சில்லு சில்லாகப் பெயரும். மிச்சத்தை ஹாட் ஏர் கன்னால் இளக்கிச் சுரண்டுங்கள். இந்தக் கட்டத்தில் வெல்டிங் டார்ச்சைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தார் பற்றிக்கொள்ளும்.

பிறகு ஒரு சிறிய சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம், ஒரு சாக்பீஸ். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டங்’ என்று பேசும். இற்ற தகடு ‘பொத்’ என்று அடங்கும். அடங்கிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, துருவும் பெயின்ட்டும்தான் இருக்கின்றன. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வெளிப்பக்கம் ஓட்டினால் பழைய பட்டி இருக்கும் இடம் தெரிந்துவிடும். பட்டி தடிக்கத் தடிக்கக் காந்தத்தின் பிடி தளரும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன்பக்க இருவர் கால் வைக்கும் பள்ளம், சில் பெட்டியின் இரு முனைகள், ஜாக்கி வைக்கும் இடம், முன் மட்கார்டின் பின் கீழ்முனை, ஹெட்லைட் கிண்ணத்தின் விளிம்பு, கதவின் அடி, பின் சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடம், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள். இந்தக் கடைசி இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. முன் அடித்தகடு இற்றுப்போவதற்குப் பல வண்டிகளில் காரணம் அதுதான். ரப்பர் காய்ந்து வெடித்து, தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து மேட்டுக்கடியில் தேங்குகிறது. தகட்டை மாற்றிவிட்டு ரப்பரை அப்படியே விட்டால், அந்த வேலையை மீண்டும் செய்ய வேண்டி வரும்.

சேஸிஸ் எண் பொறித்த தட்டையும் எண் குத்திய இடத்தையும் முதல் நாளே படம் எடுத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே கிரைண்டர் படக்கூடாது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு, 2021-இல் வந்த மத்திய விதியின்படி ‘வி.ஏ.’ வரிசைப் பதிவு வாங்க எண்ணம் இருந்தால், பாடியின் வடிவத்தையும் அமைப்பையும் மாற்றவே கூடாது. இற்ற தகட்டை அதே வடிவில், அதே தடிமனில் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

தீயை முதலில் யோசியுங்கள்

பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பெட்ரோல் டேங்கையும் கீழே ஓடும் பெட்ரோல் குழாயையும் முழுதாகக் கழற்றி, வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி, காற்றோட்டமான வெளியிடத்தில் வையுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்க் ஓட்டையை வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. பிரேக் குழாய், ஒயரிங், கதவு ரப்பர் ஆகியவற்றை வெல்டிங் இடத்திலிருந்து ஓரடியாவது விலக்கிக் கட்டுங்கள். ஒரு உலர்பொடித் தீயணைப்பான், ஒரு வாளித் தண்ணீர், நனைத்த சாக்கு, கூட ஒரு ஆள். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். சில் பெட்டிக்குள் அடைந்த தூசியும் பழைய தாரும் கனன்றுகொண்டே இருந்து பிறகு பற்றும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைத்துவிட்டு வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுதாக ஆவியான பிறகே டார்ச்சைத் தொட வேண்டும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். கிரைண்டர் போடும்போது வடிகட்டி பொருத்திய மாஸ்க் கட்டாயம். பாலியஸ்டர் சட்டையும் லுங்கியும் வேண்டாம். தடித்த பருத்தி உடை, தோல் கையுறை, 10-ஆம் எண் கண்ணாடி உள்ள வெல்டிங் ஹெல்மெட், மூடிய ஷூ.

தகடும் கருவிகளும்

கடையில் ‘சி.ஆர். தகடு’ என்று கேளுங்கள். குளிர் நிலையில் உருட்டிய மென் எஃகு. வெளித்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. அடித்தகட்டுக்கும் சில் பெட்டிக்கும் 18 கேஜ், 1.2 மி.மீ. தாங்கு பிராக்கெட்டுகளுக்கு 16 கேஜ், 1.6 மி.மீ. இந்தக் கணக்கை மட்டும் நம்பாமல், உங்கள் வண்டியில் துருப்பிடிக்காத ஓர் ஓரத்தில் பெயின்ட்டை எடுத்து வெர்னியரால் அளந்து அதே தடிமனை வாங்குங்கள். 8×4 அடி 18 கேஜ் தகடு ஒன்று சுமார் 28 கிலோ இருக்கும். இரு பக்கச் சில்லுக்கும் முன் அடித்தகடுகளுக்கும் ஒன்று போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம். பூச்சு எரியும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிங்கும் துளை துளையாகும்.

வெல்டிங்குக்கு, கம்பியைத் தானாக ஊட்டி வாயுவுடன் ஓடும் மிக் (MIG) மெஷின்தான் சரி. கேஸ் இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கம்பியும் ராடு வெல்டிங்கும் இந்தத் தடிமனுக்குச் சூடு அதிகம். ஒட்டுவதற்குள் ஓட்டை விழுந்துவிடும். 0.8 மி.மீ. கம்பி கிடைப்பது சுலபம், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 என்ற கலவை வாயு, நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவில். வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் வேலை நடக்கும், ஆனால் தெறிப்பு அதிகம், மெல்லிய தகட்டில் கட்டுப்பாடு குறையும். மெஷினை 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக உள்ள இணைப்பில் போடுங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் மின்னழுத்தம் இறங்கி ஆர்க் விட்டுவிட்டு எரியும். அந்தக் குறையை மெஷின் மேல் போட்டுப் பயனில்லை.

மற்றவை: 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், 60, 80 எண் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தேய்ப்பு வட்டு), கம்பிக் கப் பிரஷ், 6 மி.மீ. டிரில், பத்துப் பன்னிரண்டு பிடிப்பான்கள், சுத்தியலும், தட்டும்போது தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டியான டாலியும். தகடு மடிக்க இரண்டு 50 மி.மீ. ஆங்கிள் இரும்புகளைப் போல்ட்டில் இறுக்கி, நடுவே தகட்டைக் கொடுத்து மரச்சுத்தியலால் தட்டினால் நேரான மடிப்பு விழும்.

வெட்டுவதற்கு முன் கட்டுங்கள்

வீட்டில் நடக்கும் பெரிய தவறு இந்த இடத்தில்தான். சில்லை வெட்டிய பிறகுதான் கதவு பொருந்தவில்லை என்று தெரியவரும். அப்போது திரும்பிப் போக வழி இருக்காது.

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, எடை சஸ்பென்ஷன் மேல் நிற்கும்படி ஸ்டாண்டுகளை முன் சஸ்பென்ஷன் கை, பின் ஆக்ஸில் ஆகியவற்றின் கீழே வையுங்கள். சில்லின் கீழேயோ அடித்தகட்டின் கீழேயோ ஸ்டாண்டு வைக்கவே கூடாது. கதவுகளைக் கழற்றாதீர்கள். நான்கு கதவின் இடைவெளிகளையும் மேலே, நடுவே, கீழே என்று அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். முன் தூணின் அடியிலிருந்து நடுத்தூணின் மேல் வரையும், அதற்கு எதிர்மூலையும் குறுக்காக அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இற்ற வண்டி ஏற்கெனவே தொய்ந்திருந்தால் அந்த அளவு தவறான அளவு. அடியில் பரந்த மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வரும்போது நிறுத்துங்கள். மறுபக்கம் நன்றாக இருந்தால் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. சுவர். முன் தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே ஒன்று படுக்கையாக, ஒன்று குறுக்காக. நடுத்தூணுக்கும் பின் தூணுக்கும் அதேபோல. குழாய்களைத் தூணின் உள்பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்தால் கதவு மூடும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடிப் பார்ப்பதற்கு அதுதான் வழி. இரு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே அடுத்தது.

அடித்தகடு

கற்றுக்கொள்ள நல்ல இடம் இதுதான். மேட்டுக்கடியில் மறைந்துவிடும், சிறு நெளிவு தெரியாது. ஆனாலும் முதலில் அதே தகட்டின் துண்டுகளில் 20 ஒட்டாவது ஒட்டிப் பாருங்கள். ஒட்டிய துண்டை வைஸில் மடக்கினால் தகடு கிழிய வேண்டும், வெல்டிங் பிரியக் கூடாது.

துரு தெரியும் எல்லையிலிருந்து 15 மி.மீ. தாண்டிக் கோடு போடுங்கள். கிரைண்டர் பட்டால் தகடு வெள்ளையாகப் பளிச்சென்று வர வேண்டும். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை குழிகள், அங்கே தகடு பாதித் தடிமன்தான் இருக்கும். அதன் மேல் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழும், ஓட்டையை அடைக்கப் போனால் பெரிதாகும். கம்பிப் பிரஷ் துருவை மெருகேற்றி ஏமாற்றும். நல்ல தகடு மாதிரி மின்னும், குழிக்குள் துரு அப்படியே இருக்கும். ஃபிளாப் டிஸ்க் போட்டுப் பார்ப்பதே உண்மையைச் சொல்லும். வெட்டும் மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக எடுங்கள், கூர் மூலையில் வெடிப்பு தொடங்கும். வெட்டுவதற்கு முன் அடியில் என்ன ஓடுகிறது என்று குனிந்து பாருங்கள்.

பழைய காலண்டர் அட்டையை ஓட்டை மேல் வைத்து விளிம்பைத் தேய்த்து அச்சு எடுத்து, சுற்றிலும் 18 மி.மீ. கூட்டி வெட்டி, அதைத் தகட்டுக்கு மாற்றுங்கள். மடிப்புகளையும் அட்டையிலேயே மடித்துப் பார்த்துவிடலாம்.

அடித்தகட்டில் நீளவாக்கில் ஓடும் வரிகள் அழகுக்கு இல்லை. அவை இல்லாத சமத் தகடு ஓடும்போது தகர டப்பா போல அதிரும், நாளடைவில் விளிம்பில் வெடிக்கும். தடித்த மரப்பலகையில் 12 மி.மீ. அகல வாய்க்கால் வெட்டி, அதன் மேல் தகட்டை இறுக்கி, முனை உருட்டிய இரும்புக் கம்பியை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெல்ல மெல்லத் தட்டுங்கள். ஒரே தடவையில் முழு ஆழத்துக்குப் போனால் தகடு இழுபட்டு வளையும். நான்கைந்து தடவை ஓடி எடுங்கள். வரிகள் போட்ட பிறகு தகடு சுருங்கியிருக்கும், ஆகவே வரியை முதலில் போட்டு விளிம்பைப் பிறகு வெட்டுவது நல்லது.

அடித்தகட்டுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒட்டு ஏற்றது. மேல்தகட்டின் விளிம்பில் 6 மி.மீ. துளைகளை 30 மி.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். ஒட்டும் இரு முகங்களையும் வெள்ளையாகத் தேய்த்து, வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமரை மெல்லியதாக அடியுங்கள். பிடிப்பான்களால் இரு தகடும் இடைவெளியே இல்லாமல் ஒட்டும்படி இறுக்குங்கள். துளையின் நடுவில் கீழ்த்தகட்டில் ஆர்க்கைத் தொடங்கி, வட்டமாகச் சுற்றி விளிம்புக்கு வாருங்கள். விளிம்பில் தொடங்கினால் மேல்தகடு மட்டும் உருகி, பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் ஒட்டு, கீழே பிடிக்காமல் நிற்கும்.

வெல்டிங்கில் கெடுவது எங்கே

மெல்லிய தகட்டில் நீளக் கோடு இழுக்கவே கூடாது. 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு, ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்குள். கை வைத்தால் பொறுக்கும் சூடு வந்த பிறகு இடையில் அடுத்த பொட்டு. இப்படியே பொட்டுகள் சேர்ந்து கோடாக வேண்டும். ஒரு அடி ஒட்டுக்கு அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும். தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம், ஒட்டு இறுகி நொறுங்கும் தன்மை வரும். 20 கேஜுக்கு 40 ஆம்பியர், 18 கேஜுக்கு 50 முதல் 60 வரை என்று தொடங்கி, துண்டுத் தகட்டில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டு ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் தகட்டை நெளியவைக்கிறது. ஒவ்வொரு சுற்றுப் பொட்டையும் சமமாகத் தேய்த்து, பின்னால் டாலி கொடுத்துச் சுத்தியலால் ஒட்டின் மேலேயே தட்டினால் சுருங்கியது நீளும். பொட்டைத் தேய்க்காமல் தட்டினால் பக்கத்துத் தகடு பள்ளமாகும்.

ஒட்டு இட்லி போலத் துளை துளையாக வந்தால் வாயு போய்ச் சேரவில்லை. ஃபேன் ஓடுகிறதா, வாசலில் காற்று அடிக்கிறதா, நாசிலில் தெறிப்பு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகட்டின் பின்பக்கத்தில் பெயின்ட்டோ தாரோ எரிகிறது. ஓட்டை விழும் இடத்தில், தட்டையாக நசுக்கிய செம்புக் குழாய்த் துண்டைப் பின்னால் அழுத்திப் பிடித்துப் பொட்டு வையுங்கள். செம்பில் எஃகு ஒட்டாது, சூட்டை இழுத்துக்கொள்ளும், ஓட்டை அடைபடும்.

பழைய அம்பாசிடர்களில் இன்னொரு தொல்லை உண்டு. கேஸ் வெல்டிங் காலத்தில் பித்தளை வைத்துப் பற்றவைத்த பேட்ச்கள். தேய்த்தால் மஞ்சளாகத் தெரியும். அதன் மேல் மிக் வெல்டிங் பிடிக்காது, பிடித்தது போலத் தெரிந்து வெடிக்கும். மஞ்சள் போகும் வரை தேய்த்தால் போதாது. பித்தளை தொட்ட தகட்டை மொத்தமாக வெட்டிவிடுங்கள்.

சில் பெட்டி

சில் என்பது ஒரு தகடு இல்லை. உள் தகடும் வெளித் தகடும் மேலும் கீழும் விளிம்பில் சேர்ந்து மூடிய பெட்டியாகின்றன. அந்த மூடிய வடிவம்தான் பலம். வெளித் தகட்டை மட்டும் மாற்றி உள்ளே இற்றதை விடுவதும், பழைய தகட்டின் மேலேயே புதியதைப் போர்த்தி ஒட்டுவதும் பட்டறைகளில் நடப்பதுண்டு. இரண்டும் வண்டியை ஏமாற்றுவது. போர்த்திய தகட்டுக்கும் பழைய துருவுக்கும் நடுவே ஈரம் நிற்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது புதுத் தகட்டையே நெம்பித் தள்ளும்.

வரிசை இது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடுங்கள். வெளிச் சில்லின் நடுப்பகுதியில் ஜன்னல் போல வெட்டி உள்ளே பாருங்கள். உள்ளே நடுத்தடுப்புத் தகடு இருந்தால் அதன் வடிவத்தையும் இடத்தையும் அளந்து படம் எடுங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைத் தேய்த்துக் கண்டுபிடித்து, ஸ்பாட் வெல்டிங் எடுக்கும் டிரில்லால் மேல்தகட்டை மட்டும் துளைத்து, மெல்லிய உளியால் பிரியுங்கள். அப்படி எடுத்தால் தூணின் விளிம்பு முழுதாக மிஞ்சும், புதுச் சில்லை ஒட்டுவதற்கு நேரான இடம் கிடைக்கும். கிரைண்டரை ஓட்டிவிட்டால் அந்த விளிம்பையும் தனியாகச் செய்ய வேண்டும்.

முதலில் உள் தகடு. அடித்தகட்டின் விளிம்பும் தூண்களின் அடியும் அதில்தான் வந்து சேர்கின்றன, ஆகவே அவை இற்றிருந்தால் இந்தக் கட்டத்தில் முடியுங்கள். அடுத்து நடுத்தடுப்பு. பிறகு உள்ளே தெரியும் எல்லா முகத்திலும் எபாக்ஸி பிரைமர், ஒட்டும் விளிம்புகளில் துத்தநாகப் பிரைமர். கடைசியாக வெளித் தகடு.

வெளித் தகட்டைப் பிடிப்பான்களால் இறுக்கி, கதவுகளை மூடுங்கள். சில்லுக்கும் கதவுக்கும் இடையே முழு நீளத்துக்கும் இடைவெளி ஒன்றாக ஓட வேண்டும், சுமார் 5 மி.மீ. அளவில். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டு, நடுத்தூணில் ஒன்று. கதவைத் திறந்து மூடுங்கள். குறுக்களவை எழுதியதோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாகத் துளைகளை நிரப்புங்கள், மேல் விளிம்பில் மூன்று, கீழ் விளிம்பில் மூன்று என்று மாற்றி மாற்றி. ஒவ்வொரு ஆறு பொட்டுக்கும் கதவை மூடிப் பாருங்கள். ஆறில் கண்டுபிடித்தால் ஆறைத் துளைத்தால் போதும். எல்லாம் முடிந்து முழுதாக ஆறிய பிறகே குழாய்க் கட்டை அறுக்க வேண்டும்.

கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள், 8 முதல் 10 மி.மீ., பழைய சில்லில் இருந்த இடத்திலேயே. பழையது இற்றுத் தெரியவில்லையென்றால் இரு முனையிலும் நடுவிலுமாக மிகத் தாழ்ந்த இடத்தில் போடுங்கள்.

கைவைக்கத் தயங்க வேண்டிய இடம்

முன் சஸ்பென்ஷனில் டார்ஷன் பார்கள் நீளவாக்கில் ஓடி, அடித்தகட்டின் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் பிடித்து நிற்கின்றன. முறுக்கிய நிலையில் பெரும் விசையைத் தேக்கி வைத்திருப்பவை அவை. அந்தச் சட்டம் இற்றிருந்தால், முறுக்கை இறக்காமல் அங்கே கிரைண்டர் வைப்பது உயிருக்கே ஆபத்து. பின் லீஃப் ஸ்ப்ரிங்கின் முன் காது மாட்டும் தாங்கியும் அப்படித்தான். ஓட்டத்தில் அது பிடுங்கிக்கொண்டால் பின் ஆக்ஸில் கோணிவிடும். இந்த இரண்டு இடமும், இரு பக்கத் தூண்களின் அடியும் சேர்ந்து போயிருப்பதும், வண்டியின் அடிச்சட்ட வேலையில் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோக வேண்டியவை. அடித்தகடும் சில்லும் நீங்கள் முடித்துவிட்டு, இதை மட்டும் அவரிடம் விடலாம்.

கதவும் மட்கார்டும்

கதவின் அடியில் வடிகால் துளை அடைத்து, உள்ளே மண் சேர்ந்துதான் தகடு போகிறது. நீளமான சமத் தகடு என்பதால் கதவில்தான் நெளிவு அதிகம் வரும். ஒட்டுக் கோட்டை முடிந்தவரை கீழே, மடிப்புக்கு அருகில் வையுங்கள். சமத்தின் நடுவில் ஒட்டு விழுந்தால் அதை நேராக்குவது மிகக் கடினம். இங்கே படியும் ஒட்டு வேண்டாம், ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும். 1 மி.மீ. இடைவெளி, கட்டிங் டிஸ்க் போன தடமே ஏறத்தாழ அந்த அளவு. பொட்டுகளை 40 மி.மீ. தள்ளித் தொடங்கி, ஒரு நாள் முழுக்கப் பிரித்துச் செய்யுங்கள்.

மட்கார்டின் பின் கீழ்முனையில் சக்கரம் அடிக்கும் சேறு உட்காரும். கழற்றி மேஜையில் வைத்துச் செய்யலாம், சுலபம்.

போல்ட், பிராக்கெட், ஹிஞ்ச் போன்ற சிறு பாகங்களை லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தால் துரு கழன்றுவிடும். எடுத்தவுடன் சோடா உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

பிரைமர், சீலர், பட்டி

தடிமன் குறையாமல் மேலே மட்டும் துரு படிந்த இடங்களுக்குப் பாஸ்ஃபாரிக் ஆசிட் துருநீக்கி நல்லது. ஆனால் அதை நன்றாகத் தண்ணீரில் கழுவி, ஹாட் ஏர் கன்னால் உடனே உலர்த்த வேண்டும். ஆசிட் மிச்சம் இருந்தால் எபாக்ஸி தோல் போல உரிந்து வரும்.

வெறும் தகட்டை 80 எண்ணில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அன்றே இரண்டு பாக எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு. கடலோர ஊர்களில் காலையில் தேய்த்த தகடு மாலைக்குள் செம்மை தட்டிவிடும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் பிரைமர் அடிக்காதீர்கள். சாதாரண ரெட் ஆக்சைடை அடியில் அடித்து மேலே இரண்டு பாகப் பெயின்ட் அடித்தால், தின்னர் அதை இளக்கித் தோல் சுருங்கும்.

எபாக்ஸி காய்ந்த பிறகு எல்லா ஒட்டுக் கோட்டிலும், மேலும் கீழும், தண்ணீர் புகாமல் இணைப்பை அடைக்கும் பாலியூரித்தேன் சீம் சீலர். அதன் பிறகே பட்டி. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். கண்ணளவில் அதிகம் போட்டால் நிறம் மேலே கசியும், குறைத்தால் உள்ளே இறுகாது. 3 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் தகட்டைத் தட்டிச் சரிசெய்தது போதவில்லை என்று அர்த்தம், திரும்பச் சுத்தியலை எடுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஆகவே அதை வாட்டர் பேப்பரில் தேய்க்காதீர்கள். 80, 180, 320 என்று உலர்வாகவே போங்கள். தண்ணீர்த் தேய்ப்பு, பட்டிக்கு மேல் அடிக்கும் சர்ஃபேசர் பிரைமருக்கு மேல்தான். இரண்டு பாக மேல் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசிக் கோட்டைப் பெயின்ட் பூத்தில் கொடுத்துவிடுங்கள்.

உள்ளே மெழுகு

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகமும் எபாக்ஸியும் எரிந்துபோயிருக்கும், சில்லுக்குள் அந்த இடத்தை இனித் தொடவே முடியாது. செய்த வேலை நிற்பதும் போவதும் இங்கேதான் முடிவாகிறது. பெயின்ட் முடிந்து இறுகிய பிறகு, சில்லின் உள்பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் 12 மி.மீ. துளை போட்டு, சுற்றிலும் தெளிக்கும் முனை உள்ள நீளக் குழாயால் கேவிட்டி மெழுகை (மூடிய பெட்டிகளுக்குள் தெளிக்கும் துருத்தடுப்பு மெழுகு) உள்ளே கடைசி வரை விட்டு, தெளித்தபடியே வெளியே இழுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர் வரை பிடிக்கும். வடிகால் துளையில் மெழுகு சொட்ட வேண்டும், சொட்டவில்லையென்றால் எங்கோ போய்ச் சேரவில்லை. கதவின் அடிக்கும், தூண்களுக்கும் இதே. பிறகு துளைகளுக்கு ரப்பர் அடைப்பு. பெயின்ட்டுக்கு முன் மெழுகு விட்டால், கசியும் மெழுகில் பெயின்ட் மீன்கண் மீன்கண்ணாக விலகும்.

மெழுகுக்குப் பதில் கழிவு என்ஜின் ஆயிலை ஊற்றும் வழக்கம் உண்டு. அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், தோலுக்கும் நல்லதில்லை. அடிப்பாகத்தில் கட்டியான தார்ப்பூச்சும் அப்படியே. புதிதாக இருக்கும்போது காக்கும், வெடித்த பிறகு தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு நாள், மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். சில்லிலும் கதவிலும் உள்ள ஒவ்வொரு வடிகால் துளையிலும் பழைய சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குத்துங்கள். ஸ்போக் முனையில் மெழுகு ஒட்டி வந்தால் சரி. சிவந்த மண் வந்தால் அந்தத் துளையைக் கழுவிக் காயவைத்து, அன்றே மீண்டும் மெழுகு விடுங்கள்.